தங்கை போகாத கல்லூரி

என் தங்கை ஒரு நாளும் கால் வைக்காத கல்லூரியொன்றில் இரண்டு ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்கு விடுதியில் இடம் இருந்தது. வருகைப் பதிவு இருந்தது. தேர்வு எண்கூட இருந்தது. அவளுக்கு மட்டும்தான் அது தெரியாது.

தெரியவந்தது ஒரு புதன்கிழமை முற்பகலில், வேறொரு கல்லூரியின் சேர்க்கைக் கூடத்தில். பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, கலந்தாய்வில் செவிலியர் பட்டப்படிப்புக்கு அவள் இடம் பெற்றிருந்தாள். எங்கள் தெருவில் அந்தப் படிப்புக்கு இடம் பெற்ற முதல் பெண் அவள். அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர். நைட் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்ததால் காதோரத்துக் கரி இன்னும் போகவில்லை. தங்கை, நான், அப்பா என்ற வரிசையில் சன்னலின் முன் நின்றோம். எழுத்தர் அவளுடைய சாதிச் சான்றிதழின் எண்ணைக் கணினியில் தட்டினார். தட்டியதை ஒரு முறை சரிபார்த்தார். பிறகு தலையை உயர்த்தி அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ ஏற்கெனவே காலேஜ்லதானே படிச்சிக்கிட்டு இருக்க?"

"இப்பதான் சார் பிளஸ் டூ முடிச்சேன்."

"இல்லியே. டிப்ளமோ ரெண்டாம் வருஷம்னு காட்டுது. ஹாஸ்டல் ஸ்டூடண்ட். ரெண்டு வருஷமும் ஸ்காலர்ஷிப் போயிருக்கு."

அப்பா எங்கள் இருவருக்கும் நடுவே தலையை நீட்டினார். "பேரு ஒண்ணா இருக்கும் சார். எங்க தெருவுலயே இந்தப் பேர்ல நாலு புள்ளைங்க கெடக்குதுங்க."

எழுத்தர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், தங்கையின் பிறந்த நாள், அவளுடைய பத்தாம் வகுப்புப் பதிவெண், மந்தாரக்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கதவிலக்கம். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பிழையே இல்லாமல் இருந்ததுதான் என்னை அச்சுறுத்தியது.

அவர் கடுமையானவர் அல்லர். விதியை நிதானமாக எடுத்துச் சொன்னார். ஒரே மாணவி இரண்டு இடங்களில் இருக்க முடியாது. பழைய பதிவு நீங்கினால்தான் புதியது ஏறும். அந்தக் கல்லூரி தரும் மாற்றுச் சான்றிதழோ, பதிவை நீக்கிய ஆணையோ அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் தங்கையின் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

ஒன்பது நாள்கள். தங்கை சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிப் பைக்குள் அடுக்கினாள். "அந்தக் காலேஜ்ல நான் என்னா டிப்ளமோ படிக்கிறேன்க்கா?" என்று என்னைக் கேட்டாள்.

"எலக்ட்ரிகல்."

"நல்லவேள. வூட்ல ஃபேன் சுத்தல. வந்து பாக்குறேன்."

அவள் அப்படித்தான். அழுகை வரும் இடத்தில் அவளுக்குக் கேலி வரும். எனக்கு இரண்டும் வராது. நான் எண்ணத் தொடங்கிவிடுவேன். திரும்பும் பேருந்தில், அந்தத் திரையில் இருந்த விவரங்களை வந்த வரிசையிலேயே மனத்துக்குள் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். மந்தாரக்குப்பம் வருவதற்குள் அந்த வரிசையை எங்கே முன்பு பார்த்தேன் என்பது தெரிந்துவிட்டது. அதை எழுதியவளே நான்தான்.

எங்கள் தெருவில் 'செட்' என்றொரு பொருள் உண்டு. குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் ஜெராக்ஸ், ஒவ்வொன்றிலும் அதிகாரி ஒருவரின் சான்றொப்பம், இரண்டு புகைப்படம். இவற்றைச் சேர்த்து மூலையில் ஊசி குத்தினால் ஒரு செட். சுரங்க நிறுவனத்தின் நகரியத்துக்குள் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் நிரந்தர ஊழியர்கள். அவர்களுக்குச் செட் தேவையில்லை. வெளியே இருக்கும் எங்களுக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை ஒரு செய்தி வரும்: கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், பட்டியல் தயாராகிறது. யார் சொன்னது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஜெராக்ஸ் கடை வாசலில் வரிசை நிற்கும். அந்தக் கடைக்காரர் செய்தித்தாள் வாங்குவதில்லை. வரிசையின் நீளத்தை வைத்தே அன்றைய செய்தியை அறிந்துகொள்வார். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்து வந்த குடும்பங்கள் எங்களுடையவை. சொந்தமென்று எங்களிடம் இருந்தது தாள்தான். அதனால்தானோ என்னவோ, கேட்டவர்க்கெல்லாம் அதைக் கொடுப்பதில் எங்களுக்கு ஒரு பெருமிதமும் இருந்தது.

தங்கை பத்தாம் வகுப்பையும் நான் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்திருந்த கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரேயுள்ள சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்குக் கீழே மேசை போட்டு அமர்ந்தார். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளில் பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்குத் தொழிற்பயிற்சி, முடித்ததும் வேலை என்றார். மேலிடத்தில் பேசி முடித்தாயிற்று என்றார். எந்த மேலிடம் என்று அவர் சொல்லவே இல்லை. அவரவர் ஆசைப்பட்ட அலுவலகத்தை நாங்களே நினைத்துக்கொண்டோம்.

"கையெழுத்து நல்லா இருக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா? அடிச்சித் திருத்துனா ஃபாரம் ரிஜெக்ட் ஆயிடும்" என்றார் அவர்.

"எங்க பெரிய பாப்பா அச்சு மாதிரி எழுதும்" என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

கூட்டத்தில் வாய் திறவாத பெண் நான். ஆனால் என் எழுத்து என்னைவிடத் துணிச்சலானது. தாளில் வைத்தால் நேராக நிற்கும், யாரையும் பார்த்துக் கூசாது. அன்று முப்பத்தொரு படிவங்களை எழுதினேன். நகரியப் பள்ளியில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியை வெளிமாநிலத்துக்காரர். ஒன்றோடு ஏழு குழம்பாதிருக்க, ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போடச் சொல்வார். அந்தப் பழக்கம் என்னோடு நின்றுவிட்டது. படிவங்கள் கலைந்துபோகாமல் இருக்க ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் பென்சிலால் சிறியதாக வரிசை எண் இட்டேன். அதே வரிசையில் பெயர்களை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். யாரும் கேட்காத வேலை அது. என்னால் அப்படிச் செய்யாமல் இருக்க முடியாது. முதல் எண் தங்கையுடையது.

படிவத்தின் மேற்பகுதியில் இரண்டு கட்டங்களை மட்டும் காலியாக விடச் சொன்னார். ஒன்று பயிற்சியின் பெயர்; மற்றொன்று பயிற்சி தரும் இடம். ஏன் என்று கேட்டேன்.

"அத ஆபீஸ்ல டைப் அடிச்சிக்குவாங்க பாப்பா. பரீட்சப் பேப்பர் மாதிரி எல்லாத்தையும் ரொப்பிடணும்னு பாக்குறியே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து அடுத்த படிவத்தை இழுத்துக்கொண்டேன். கூச்சத்தினால் நான் கைவிட்ட கேள்விகள் பல. அவற்றுள் மிகுந்த கேடு செய்தது அதுவே.

அன்று சந்தேகப்பட்டவர் அம்மா ஒருவர்தான். குவார்ட்டர்ஸ் வீடுகளில் சமையல் முடித்துத் திரும்பும் வழியில் நின்று பார்த்தார். "வேலைக்குப் போறவங்க பேப்பரு ஒண்ணுகூட கேக்கல. புள்ளைங்க பேப்பரு மட்டும் எதுக்காம்?"

"ஒனக்கு எதுலயும் சந்தேகம். போயி சோத்த வடி" என்றார் அப்பா.

"வடிக்கிறேன். ஒங்க சந்தோசத்தயும் சேத்து வடிக்கிறேன்."

எல்லாரும் அதற்கும் சிரித்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் படிவங்களையும் செட்டுகளையும் கட்டி எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு பேனா பரிசளித்துவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை. ஒரு மாதத்தில் நாங்கள் அவரை மறந்தோம்; அதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டிருந்தது.

வியாழக்கிழமை, தங்கை 'படிக்கும்' அந்தத் தனியார் கல்லூரிக்குப் போனோம். இரண்டு பேருந்து மாற வேண்டிய தொலைவு. மூன்று மாடிக் கட்டடத்தில் சாலையைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் வண்ணம் பூசியிருந்தது. அலுவலகத்தில் இருந்தவர் எங்களை எதிர்பார்த்திருந்தவர்போல உட்காரச் சொன்னார். அதட்டுவார், மறுப்பார் என்று வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்திருந்த பதில்கள் எதுவும் பயன்படவில்லை.

"டிசி தானே? அரை மணி நேரத்துல தர்றேன். இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? நல்லாப் படிக்கிற பொண்ணு. அட்டெண்டன்ஸ் தொண்ணூறு பர்சென்ட்."

"நான் எந்த பெஞ்சுல சார் உக்காருவேன்?" என்றாள் தங்கை. "காட்டுங்க. ஒரே ஒரு தடவ உக்காந்து பாத்துட்டுப் போறேன்."

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். மாற்றுச் சான்றிதழைத் திருப்பி எங்கள் பக்கம் நகர்த்தினார். விலகுவதற்கான காரணம்: சொந்த விருப்பம். நடத்தை: நன்று.

அப்பாவின் கை அதை நோக்கிப் போனது. தங்கை அந்தக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள். வராந்தாவில் அப்பா குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"வாங்கிகினு போயிடலாம் பாப்பா. நம்ம வேல முடிஞ்சிடும். வெள்ளிக்கெழமைக்கு எட்டு நாளுதான் இருக்குது."

"வாங்கினா நான் இங்க படிச்சேன்னு ஆயிடும்பா. அப்ப பிளஸ் டூ படிச்சது யாரு?"

அப்பா என்னைப் பார்த்தார். படித்தவள் நான் ஏதாவது சொல்லித் தங்கையைத் திருப்பிவிடுவேன் என்று நம்பினார்.

"அவ சொல்றது சரிதான்பா" என்றேன். "நாளைக்கி யாராச்சும் ரெண்டு சர்டிபிகேட்டையும் பக்கத்துல வச்சிப் பாத்தா, இதுல எது பொய்யின்னு நம்மளத்தான் கேப்பாங்க. இந்தத் தாள வாங்குறவங்கதான் பொய் சொன்னவங்க ஆவாங்க."

நாங்கள் அதைத் தொடாமலே புறப்பட்டோம். பின்னாலிருந்து அவருடைய குரல் வந்தது. "வெள்ளிக்கிழம எப்படியும் வருவீங்க. பத்திரமா எடுத்து வைக்கிறேன்."

பேருந்து நிலையத்தில் அப்பா எங்களை டீக்கடைக்கு அழைத்துப் போனார். மூன்று டீ வாங்கினார். தன் டீயைக் குடித்து முடித்துவிட்டுத் தங்கையைப் பார்த்து, "அப்படியே ஒங்கம்மா புத்தி" என்றார். அவரைப் பொறுத்தவரை அது திட்டுதான். தங்கையோ, தேர்வில் தேறியதுபோல முகம் மலர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மனு எழுத உட்கார்ந்தேன். திங்கட்கிழமைதோறும் கடலூரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறை கேட்பார்கள்; அங்கே கொடுப்பதென்று முடிவு செய்திருந்தோம். எழுதுவதற்கு முன், நான்கு நாளாக நெஞ்சில் வைத்திருந்ததைத் தங்கையிடம் சொன்னேன். "அந்த ஃபாரம் என் கையெழுத்துடி. காலியா விட்ட எடத்துலதான் அவங்க வேணுங்கிறத அடிச்சிக்கிட்டாங்க. ஏன்னு கேட்டேன். ஆனா பதில் வர்ற வரைக்கும் நிக்கல."

அவள் என் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அதான பாத்தேன்" என்றாள். "ஒரு தப்புகூட இல்லாம ஏமாத்தியிருக்காங்களேன்னு."

பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அதையும் மனுவுல எழுதுக்கா" என்றாள்.

அப்பா ஒப்பவில்லை. நான் எழுதினேன் என்று சொன்னால் என்னையும் வழக்கில் இழுத்துவிடுவார்கள் என்று அஞ்சினார். அந்த அச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் மனுவை நான்காம் முறை எழுதும்போது ஒன்று தெளிவாயிற்று. அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் அது புலம்பல், வைத்தால் சாட்சியம். பென்சில் எண், குறுக்குக் கோடிட்ட ஏழு, நோட்டின் கடைசிப் பக்கம், காலியாக விட்ட இரண்டு கட்டங்கள் ஆகிய நான்கையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்தேன். 'மேற்கண்ட படிவத்தை நிரப்பியவள் நானே' என்று முடித்தேன்.

திங்கட்கிழமை கடலூரில் நல்ல கூட்டம். மனு எண் போடப்பட்டு நலத்துறை அதிகாரி ஒருவரின் மேசைக்கு வந்தது. ஐம்பது வயதிருக்கும் அம்மையார். மனுவை ஒரு முறை வேகமாகவும் மறுமுறை மெதுவாகவும் படித்தார். பிறகு பதிவறையிலிருந்து அந்தக் கல்லூரியின் கோப்பை எடுத்துவரச் சொன்னார். கோப்பு வருவதற்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அப்பா மதியச் சாப்பாட்டுக்கும் நகரவில்லை.

கோப்பைத் திறந்ததும் அம்மையார் முதலில் பார்த்தது புகைப்படத்தை.

"ஹாஸ்டல்ல தங்கி டிப்ளமோ படிக்கிற பொண்ணு ரெட்ட ஜட போட்டு, ரிப்பன் கட்டி, ஸ்கூல் யூனிபார்ம்ல நிக்குது. ரெண்டாம் வருஷத்துக்கும் அதே படம். ஒங்க பொண்ணு வளரவே இல்லியா?"

"வளந்துடுச்சிங்கம்மா. இதோ நிக்குது பாருங்க" என்று அப்பா தங்கையைக் காட்டினார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் கீழ் மூலையைப் பார்த்தேன். வெளிறியிருந்தாலும் பென்சில் எண் இருந்தது: ஒன்று. அம்மையார் வெள்ளைத் தாள் ஒன்றை என் முன் வைத்து, தங்கையின் முகவரியையும் பிறந்த நாளையும் எழுதச் சொன்னார். எழுதினேன். எண்ணில் ஏழு வந்த இடத்தில் கை தானாகவே குறுக்குக் கோட்டை இழுத்தது. அவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். என் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். முப்பத்தொரு பெயர்கள்.

"இவ்வளவு பேருக்கும் நீதான் எழுதினியா?"

"ஆமாங்கம்மா."

"எழுதினேன்னு நீயே வந்து சொல்றியே, பயமா இல்ல?"

"இருக்குங்கம்மா" என்றேன். அதுவே போதுமாக இருந்தது.

அந்த ஆண்டுக்கான கட்டு முழுவதையும் மேசையில் கொட்டச் சொன்னார். தடித்த கட்டு. நானும் தங்கையும் நின்றபடியே புரட்டினோம். எனக்குப் படிக்கத் தேவையிருக்கவில்லை. கூட்டத்தில் நம் வீட்டாரின் முதுகைக்கூட அடையாளம் காண்பதுபோல என் எழுத்தை நான் கண்டுகொண்டேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. தங்கை நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்றில் இருபத்தேழு கிடைத்தன. எங்கள் தெருவின் இருபத்தேழு பிள்ளைகளும் இரண்டு ஆண்டுகளாக ஒரே விடுதியில் தங்கி, ஒரே வகுப்பில் தவறாமல் மின்னியல் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயரில் வந்த உதவித்தொகை முழுவதும் கல்லூரிக்குப் போயிருந்தது.

மாணவர் கையொப்பத்துக்கான கட்டத்தைக் காட்டியவள் தங்கை. அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் யாரும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வரவில்லை; பெற்றோர் மட்டுமே கையெழுத்திட்டிருந்தார்கள். பிள்ளைகளின் கட்டங்கள் பிறகு நிரப்பப்பட்டிருந்தன. இருபத்தேழு பேரும் ஒரே சாய்வில், ஒரே வளைவில், ஒரே பேனாவால் கையொப்பமிட்டிருந்தார்கள்.

"இதுல என் கையெழுத்து எதும்மா?" என்று கேட்டாள் தங்கை.

அம்மையார் கோப்பை மூடினார். "எதுவும் இல்ல. அதத்தான் நான் எழுதப்போறேன். ஸ்கூல்ல இருந்து ரெண்டு வருஷ அட்டெண்டன்ஸ் வாங்கிக்கிட்டு வா. மத்த புள்ளைங்க ஒவ்வொருத்தர்கிட்ட இருந்தும் தனித்தனியா மனு வரணும். ஒரே கையில எழுதி வரக் கூடாது" என்று சொல்லி என்னைப் பார்த்தார். அதில் கண்டிப்பு இருந்தது. கடைசியில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டின் சான்றைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். தங்கை அங்கே விடுதியில் தங்கித் தேர்வெழுதியதாக இருந்த அதே நாள்களில் இங்கே பொதுத்தேர்வு எழுதியிருந்தாள்; நுழைவுச்சீட்டையும் இணைத்தோம்.

புதன்கிழமை மாலை, ஃபர்ஸ்ட் ஷிப்ட் விட்டு எல்லாரும் வந்த பின், அதே சைக்கிள் ஸ்டாண்டில் அதே இடத்தில் மேசை போட்டோம். அப்பாதான் வீடு வீடாகப் போய் அழைத்தார். யார் முன் நின்று என் கையெழுத்தைப் பெருமையாகச் சொன்னாரோ அவர்கள் முன்னேயே, "நான்தாங்க அந்த ஆள நம்புனேன்" என்று தொடங்கினார். எல்லாரும் தாங்களும் நம்பியதை நினைவுகூர்ந்து தணிந்தார்கள். ஒருவருக்கு மட்டும் அளவிலா மகிழ்ச்சி. கட்டில் படிவம் கிடைக்காத நால்வரில் அவருடைய மகன் ஒருவன். போட்டோ எடுக்கச் சோம்பல்பட்டுத் தகப்பனார் படிவத்தை முடிக்காமலே விட்டிருந்தார்.

"சோம்பேறி சோம்பேறின்னு ரெண்டு வருஷமா திட்டிகினு கெடந்தியே" என்று மனைவியிடம் உரக்கச் சொன்னார். "இப்ப பாத்தியா, என் சோம்பேறித்தனம் நம்ம புள்ளயக் காப்பாத்திச்சி!"

"அப்படியே இன்னும் ரெண்டு வருசம் படுங்க. கலெக்டரு வந்து மால போடுவாரு."

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து தங்கள் மனுவைத் தாங்களே எழுதினார்கள். கோணலான எழுத்து, அடித்த எழுத்து, வரியை விட்டு இறங்கும் எழுத்து. நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை. மேசைக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்வில் எழுதாமல் இருந்ததற்காக நான் பெருமைப்பட்ட மாலை அது ஒன்றே.

மனுக்களோடு இணைக்க ஜெராக்ஸ் எடுத்து வந்தபோது அம்மா ஒரு சான்றிதழ் நகலைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு இரவல் குடுக்குற அண்டாவுலகூட பேரு வெட்டித்தான் குடுக்குறோம்" என்றார். "புள்ளையோட பேப்பர வெறுமனே குடுக்குறமே. இதுலயும் எழுதிக் குடுத்தா என்னா?"

அப்பா என்னிடமிருந்து பேனாவை வாங்கினார். ஜெராக்ஸின் நடுவே, மேலிருந்து கீழாகச் சாய்வாக, அவருக்கே உரிய பெரிய எழுத்தில் எழுதினார்: இன்ன அலுவலகத்துக்கு, இன்ன மனுவுக்காக, இன்ன தேதியில். 'வேறு எதுக்கும் செல்லாது' என்று அடியில் கோடிட்டார். எழுத்து சான்றிதழின் முத்திரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அதை மறைத்துவிட்டு வேறெங்கும் யாரும் பயன்படுத்த முடியாது. அடுத்தவர் பேனாவைக் கேட்டார். அன்று முதல் எங்கள் தெருவில் வெறும் செட் கிடையாது. ஜெராக்ஸ் கடைக்காரர் கயிற்றில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிட்டார். எழுதாமல் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிள்ளைகளின் தாளை யார் கேட்டாலும், எதற்கு என்று அவர் எழுதித் தரும்வரை கொடுப்பதில்லை என்பதும் வழக்கமாயிற்று. காலிக் கட்டம் இருந்தால் கோடு இழுத்து அடித்துவிடுவோம்.

வியாழக்கிழமை சான்றையும் மனுக்களையும் கடலூரில் கொடுத்தபோது, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆணை தயாராகும் என்றிருந்தார்கள். கடலூரில் அம்மையாரின் அறை வாசலில் நின்றோம். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. உயரதிகாரி கையொப்பமிட வேண்டும், அவர் ஒரு கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். தங்கை அன்று கேலி எதுவும் பேசவில்லை. ஒன்றரைக்குப் பிறகு அம்மையாரே விரைந்து வந்து உறையைக் கொடுத்தார். "கணினியிலயும் நீக்கியாச்சு. ஓடுங்க" என்றார்.

நாங்கள் உண்மையாகவே ஓடினோம். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. சேர்க்கைக் கூடத்தை அடைந்தபோது நான்கு மணிக்கு மேலாகிவிட்டது. அதே சன்னல், அதே எழுத்தர். அவருக்குப் பக்கத்தில் காத்திருப்போர் பட்டியல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. எங்களைக் கண்டதும் அதன் மேல் கோப்பு ஒன்றை வைத்து மூடினார். ஆணையைப் படித்துவிட்டு, சாதிச் சான்றிதழின் எண்ணை மீண்டும் தட்டினார். வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நாங்கள் கேட்காமலே அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

'இந்த எண்ணில் பதிவு எதுவும் இல்லை.'

ஒருத்தி இல்லவே இல்லை என்று சொல்லும் அந்த வரியைப் பார்த்து ஒரு குடும்பமே கைகொட்டிச் சிரித்ததை அந்தக் கூடம் அதற்கு முன் கண்டிருக்காது. அப்பா கண்ணைத் துடைத்தார். முந்தின இரவு ஷிப்டின் கரி கன்னத்துக்கு இறங்கியது. தங்கை என் தோளில் ஓங்கி ஓர் அடி கொடுத்தாள். நான் திருப்பி அடித்தேன். யார் முன்னாலும் அப்படி நான் செய்ததில்லை.

அந்த வெள்ளைச் சட்டைக்காரரும் கல்லூரி அலுவலகத்தில் இருந்தவரும் சில மாதங்களுக்குப் பின் காவல்துறை விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். என்னையும் அழைத்துச் சாட்சியாக எழுதி வாங்கினார்கள். இருபத்தேழு பெயர்களும் ஒவ்வொன்றாக விடுபட்டன. அவை பிறகு நடந்தவை. அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்.

எழுத்தர் புதிய படிவத்தை நீட்டினார். பழக்கத்தில் என் கை முந்தியது. தங்கை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ தள்ளி நில்லுக்கா. ஒன் எழுத்துல நான் ஏற்கெனவே ஒரு டிப்ளமோ படிச்சிட்டேன்."

அவளே எழுதினாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஓரிடத்தில் மை கசிந்தது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள். படிப்பின் பெயர் கேட்ட இடத்திலும் கல்லூரியின் பெயர் கேட்ட இடத்திலும் மட்டும் அழுத்தி எழுதினாள். ஜெராக்ஸ்களின் குறுக்கே சாய்வாக எழுதியிருந்ததை எழுத்தர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். கடைசியாக மாணவி கையொப்பத்துக்கான கட்டத்தைக் காட்டினார்.

அவள் பேனாவை ஒரு முறை உதறினாள். பிறகு அவசரமே இல்லாமல், தன் பெயரை முழுவதுமாக எழுதிக் கையொப்பமிட்டாள்.